ஒரே மைதானம், ஒரே பயிற்சி. எனக்கு மட்டும் ஏன் தம் கூடவில்லை?

முல்லைக்கொடி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 38, கணவருக்கு 41. தை மாதத்திலிருந்து இருவரும் ஒரே அட்டவணைப்படி, வாரத்தில் நான்கு நாட்கள், எங்கள் ஊர்க் கல்லூரி மைதானத்தில் ஓடி வருகிறோம். தொடங்கும்போது 12 நிமிட ஓட்டச் சோதனையைச் செய்து பார்த்தோம். அவர் 2,050 மீட்டர் ஓடினார், நான் 1,650 மீட்டர் ஓடினேன். ஐந்து மாதங்கள் கழித்துச் சென்ற வாரம் அதையே மீண்டும் செய்தபோது அவர் 2,350 மீட்டரைத் தொட்டுவிட்டார். நானோ 1,690 மீட்டரில் நின்றுவிட்டேன். ஒரு மின்கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரைக்கும்கூட வராத முன்னேற்றத்துக்கு ஐந்து மாதம் விடியற்காலைத் தூக்கத்தைக் கொடுத்திருக்கிறேன்.

பயிற்சியில் நான் குறை வைக்கவில்லை. இன்னும் சொல்லப்போனால், மைதானத்துக்கு வராமல் விட்ட நாட்கள் அவருக்குத்தான் அதிகம். என் மாமியார், “உடல்வாகு அப்படி, அதற்கு மேல் வராது, விட்டுவிடு” என்கிறார். ஒருவருடைய தம் எதனால் முடிவாகிறது? பிறப்பிலேயே அளந்து கொடுக்கப்பட்டதா, பெண் என்பதாலா, வயதாலா, அல்லது நான் எதையேனும் தவறாகச் செய்கிறேனா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

சிற்றாறு

உடலியங்கியல் கற்பிப்பவன் என்ற முறையில் அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன், நீளத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் தம் என்று சொல்வதை அளக்க விஓ2 மேக்ஸ் என்ற அளவு இருக்கிறது. முழு முயற்சியில் இயங்கும்போது உடல் ஒரு நிமிடத்தில் அதிக அளவாக எத்தனை மில்லிலிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்பதை, பெரும்பாலும் ஒரு கிலோ எடைக்கு இவ்வளவு என்று குறிப்பார்கள். ஏ.வி. ஹில் என்ற ஆங்கிலேய அறிஞர், ஹார்ட்லி லப்டனுடன் சேர்ந்து 1923-இல் வெளியிட்ட ஆய்வில், வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனாலும் ஒரு கட்டத்துக்கு மேல் ஆக்சிஜன் பயன்பாடு கூடாமல் நின்றுவிடுகிறது என்று காட்டினார். அதற்காகப் புல்தரையில், வெளிவிடும் மூச்சைச் சேர்க்கும் பையைச் சுமந்தபடி அவரே சுற்றிச் சுற்றி ஓடினார்.

அந்த எல்லையை எது போடுகிறது என்பதுதான் உங்கள் கேள்வி. காற்றிலுள்ள ஆக்சிஜன் நுரையீரலில் ரத்தத்தில் ஏறி, இதயத்தால் தள்ளப்பட்டு, தசைக்குள் இறங்கி, அங்கே செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் செலவாகிறது. அடோல்ஃப் ஃபிக் 1870-இல் வகுத்த கணக்கின்படி, உடல் பயன்படுத்தும் ஆக்சிஜன் என்பது இதயம் ஒரு நிமிடத்தில் தள்ளும் ரத்தத்தின் அளவையும், போகும் ரத்தத்துக்கும் திரும்பும் ரத்தத்துக்கும் இடையிலான ஆக்சிஜன் வேறுபாட்டையும் பெருக்கினால் கிடைப்பது. மற்ற எல்லாக் காரணிகளும், அதாவது வயது, பாலினம், பரம்பரை, பயிற்சி, புகைப்பழக்கம், மலையுயரம் ஆகிய அனைத்தும், இந்த இரண்டில் ஒன்றன் வழியாகத்தான் வேலை செய்தாக வேண்டும்.

மூச்சு வாங்குவதால் நுரையீரல்தான் போதவில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். சமவெளியில் வாழும் நலமான ஒருவருக்கு அது பெரும்பாலும் உண்மையல்ல. முழு வேகத்தில் ஓடும்போதும் நுரையீரலிலிருந்து கிளம்பும் ரத்தம் ஏறக்குறைய நிறைந்த ஆக்சிஜனுடன்தான் கிளம்புகிறது. தசையும் பெரும்பாலும் காரணமல்ல. 1985-இல் ஆண்டர்சனும் சால்டினும் ஒரு காலின் தொடைத் தசையை மட்டும் தனியாக இயக்கிப் பார்த்தபோது, முழு உடலும் ஓடுகையில் கிடைப்பதைவிட மிக அதிகமான ரத்தத்தை அந்தச் சிறிய தசை வாங்கிக்கொள்ள வல்லது என்று தெரிந்தது. வயல் எவ்வளவு தண்ணீரையும் குடிக்கத் தயாராக இருக்கிறது. பம்புசெட் இறைப்பதுதான் போதவில்லை.

ஓய்வில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளும் இதயம், பயிற்சியில்லாத இளைஞருக்கு உச்சத்தில் 20 லிட்டர் அளவுக்குத் தள்ளும். உலகத்தர ஓட்டக்காரர்களுக்கு 35 லிட்டரையும் தாண்டும். பயிற்சியால் உச்சத் துடிப்பு எண்ணிக்கை கூடுவதில்லை. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் ரத்தத்தின் அளவுதான் கூடுகிறது.

கணக்குப்பிள்ளை

சிற்றாறு ஐயா விளக்கியது சரி. ஆனால் கேள்விக்கு நேரான விடை பரம்பரைதான் என்பது என் கருத்து. 1990-களில் கிளோட் பூஷார் தலைமையில் நடந்த ஹெரிட்டேஜ் குடும்ப ஆய்வில், உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத குடும்பங்களைச் சேர்ந்தவர்களை 20 வாரங்கள் ஒரே விதமான சைக்கிள் பயிற்சியில் ஈடுபடுத்தினார்கள். முன்னேற்றத்தின் சராசரி நிமிடத்துக்கு ஏறக்குறைய 400 மில்லிலிட்டர். ஆனால் சிலருக்கு ஒரு லிட்டருக்கு மேல் கூடியது, சிலருக்கு ஏறத்தாழ எதுவுமே கூடவில்லை. தொடக்க அளவில் ஏறக்குறைய பாதியும், பயிற்சிக்குக் கிடைக்கும் பலனில் ஏறக்குறைய பாதியும் குடும்பவழி வருவதாக அவர்கள் கணித்தார்கள்.

2012-இல் நார்வே நாட்டின் சைக்கிள் வீரர் ஆஸ்கர் ஸ்வென்ட்சென் தம் 18-ஆம் வயதில் 97.5 என்ற விஓ2 மேக்ஸ் அளவைப் பதிவு செய்தார். அத்தகைய உயரத்தைப் பயிற்சியால் மட்டும் யாரும் எட்டிவிட முடியாது. சகோதரி மனம் தளரக் கூடாது என்பதற்காக நாம் உண்மையை மறைக்க வேண்டியதில்லை.

சிற்றாறு

கணக்குப்பிள்ளை சொன்ன எண்கள் சரியே, அவற்றிலிருந்து எடுத்த முடிவோடுதான் எனக்கு வழக்கு. குடும்பவழிப் பங்கு பாதி என்பது ஒரு கூட்டத்தில் மனிதருக்கு மனிதர் காணப்படும் வேறுபாட்டைப் பற்றிய கணக்கு. ஒரு தனி மனிதரின் தம்மில் பாதியை மரபணு பூட்டி வைத்திருக்கிறது என்று அதற்குப் பொருள் இல்லை. குடும்பம் என்பது மரபணு மட்டுமல்ல, ஒரே அடுப்பில் சமைத்ததை உண்பதும் குடும்பம்தான்.

மேலும், 2017-இல் மொன்டேரோவும் லுண்ட்பியும் 78 ஆண்களை வாரத்துக்கு ஒன்று முதல் ஐந்து முறை வரை, முறைக்கு 60 நிமிடமாக, ஆறு வாரங்கள் பயிற்சி செய்ய வைத்தார்கள். வாரத்துக்கு ஒரே முறை செய்தவர்களில் பலருக்குப் பலன் இல்லை. நான்கு, ஐந்து முறை செய்தவர்களில் பலன் இல்லாதவர் ஒருவரும் இல்லை. பலன் பெறாதவர்களுக்கு வாரத்தில் மேலும் இரண்டு முறை கூட்டி இன்னும் ஆறு வாரம் நடத்தியபோது அவர்கள் எல்லோருமே முன்னேறினார்கள். முல்லைக்கொடி வாரத்துக்கு நான்கு நாள் ஓடுகிறார். அந்த அளவில் ஐந்து மாதமாக அசையாமல் இருப்பதற்குப் பரம்பரையைக் காரணம் சொல்லி எழுந்துவிட எனக்கு மனம் வரவில்லை.

பழைய விசில்

இருபது ஆண்டுகள் பள்ளி மைதானத்தில் விசில் ஊதியவன். பெரிய ஆய்வுகள் எனக்குத் தெரியாது. அம்மா, ஓடும்போது உங்களுக்கு முதலில் தளர்வது கால்களா, மூச்சா? படியேறும்போது நெஞ்சு படபடக்கிறதா? ஓடி முடித்த பிறகு அன்றைய பகல் முழுவதும் அசதியாக இருக்கிறதா? உட்கார்ந்து எழுந்தால் தலை சுற்றுகிறதா? கடைசியாக எப்போது ரத்தப் பரிசோதனை செய்தீர்கள்? ஓட்டத்தில் பின்தங்கிய எத்தனையோ மாணவிகளைச் சோம்பேறிகள் என்று திட்டிய பிறகு, அவர்களுடைய கீழிமையை இழுத்துப் பார்க்கக் கற்றுக்கொண்டவன் நான். வெளுத்திருந்தால் பயிற்சி அட்டவணையைத் திருத்திப் பயனில்லை.

முல்லைக்கொடி

ஐயா, படபடப்பு, அசதி, தலைசுற்றல் மூன்றுக்கும் ஆம் என்பதுதான் விடை. மூச்சும் கால்களும் சேர்ந்தே தளர்கின்றன. அசதியை வீட்டு வேலையும் அலுவலக வேலையும் சேர்ந்த கணக்கில் எழுதிவிட்டேன். கடைசிப் பரிசோதனை இளைய மகன் பிறந்தபோது செய்தது. அவனுக்கு இப்போது ஆறு வயது.

சிற்றாறு

பழைய விசில் ஐயா சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். நான் இதயத்தைப் பற்றி இவ்வளவு எழுதினேனே தவிர, அது தள்ளும் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை.

ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கும். ஒரு டெசிலிட்டருக்கு 13 கிராம் ஹீமோகுளோபின் உள்ள பெண்ணின் ஒரு லிட்டர் ரத்தம் 174 மில்லிலிட்டர் ஆக்சிஜனோடு புறப்படுகிறது. 10 கிராம் மட்டுமே இருந்தால் 134 மில்லிலிட்டரோடு புறப்படுகிறது. இதயம் நிமிடத்துக்கு 15 லிட்டர் தள்ளுவதாகவும், அதில் முக்கால் பங்கு ஆக்சிஜனைத் தசைகள் எடுத்துக்கொள்வதாகவும் வைத்துக்கொண்டால், 58 கிலோ எடையுள்ளவருக்கு முதல் கணக்கில் விஓ2 மேக்ஸ் ஏறத்தாழ 34, இரண்டாவதில் 26. ரத்தம் நீர்த்துப்போகும்போது இதயம் சற்றுக் கூடுதலாகத் தள்ளி ஓரளவு ஈடுகட்டும் என்பதால் உண்மையான வீழ்ச்சி இதைவிடச் சற்றுக் குறைவாக இருக்கலாம். படபடப்பின் காரணமும் அந்த ஈடுகட்டல்தான்.

இது வெறும் தாள் கணக்கு அல்ல. 1972-இல் ஸ்வீடனின் பியோர்ன் எக்பிளோம் குழுவினர் சிலரிடமிருந்து 800 மில்லிலிட்டர் ரத்தத்தை எடுத்து வைத்து, நான்கு வாரம் கழித்து அதன் சிவப்பணுக்களை அவர்களுக்கே திரும்பச் செலுத்தினார்கள். ஒரே இரவில், எந்தப் பயிற்சியும் இல்லாமல், விஓ2 மேக்ஸ் சுமார் 9 விழுக்காடு உயர்ந்தது. விளையாட்டு உலகில் அதற்குப் பிறகு நடந்த தில்லுமுல்லுகள் தனிக் கதை.

கணக்குப்பிள்ளை

இதில் என் வாதத்துக்கும் ஒரு சான்று இருக்கிறது. 1964 இன்ஸ்பிரக் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்ற ஃபின்லாந்தின் பனிச்சறுக்கு வீரர் ஈரோ மான்டிரான்டாவுக்கு ஹீமோகுளோபின் 20 கிராமுக்கும் மேல் இருந்தது. ஊக்கமருந்து என்ற சந்தேகம் நெடுங்காலம் அவரைச் சுற்றி வந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய குடும்பத்தையே ஆராய்ந்து, சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோனுக்கான ஏற்பியில் ஒரு மரபணு மாற்றம் இருப்பதை 1993-இல் வெளியிட்டார்கள். ரத்தம்தான் காரணம் என்றாலும், அந்த ரத்தத்தைக் கொடுத்தது பரம்பரை.

சிற்றாறு

மறுக்கவில்லை. மரபணுவும் ரத்தம், இதயம் என்ற வாசல்களின் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும் என்பதே என் வாதமும். மான்டிரான்டாவுக்கு நேர்ந்தது உலகில் மிகச் சிலருக்கு நேர்வது. அதற்கு எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள்: இந்தியாவின் ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வு, 2019–21, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்த சோகை என்கிறது, தமிழ்நாட்டில் 53. ஆண்களுக்கு அது 25 விழுக்காடுதான். விரல் நுனியில் குத்தி எடுக்கும் ரத்தத்தில் அளந்ததால் இந்த எண் கூடுதலாக வந்திருக்கலாம் என்ற விமர்சனத்தையும் நான் அறிவேன். அதைக் கழித்துக்கொண்டாலும், ஒரு பெண் பயிற்சி செய்தும் பலன் இல்லை என்று சொன்னால் நம் நாட்டில் முதலில் பார்க்க வேண்டியது மரபணுவை அல்ல.

மலையோரம்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் உதகையில் இருக்கிறேன். சமவெளியிலிருந்து வரும் நண்பர்கள் இங்கே ஓடும்போது மிகவும் திணறுகிறார்கள். அதுவும் இதே கணக்கில்தான் சேருமா?

சிற்றாறு

சேரும். அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால், ஹீமோகுளோபின் போதுமான அளவு இருந்தாலும் அதில் முழுதாகச் சுமை ஏறுவதில்லை. உதகையும் மெக்சிகோ நகரமும் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஒரே உயரம், 2,240 மீட்டர். 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக் 10,000 மீட்டர் ஓட்டத்தில், 27 நிமிடம் 39 விநாடி என்ற உலக சாதனையைக் கையில் வைத்திருந்த ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் ஆறாவதாக வந்து மயங்கி விழுந்தார். கென்யாவின் நஃப்தாலி தெமு 29 நிமிடம் 27 விநாடியில் தங்கம் வென்றார். உங்கள் நண்பர்கள் திணறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. புகைப்பவர்கள் சமவெளியிலேயே ஒரு சிறு மலையைச் சுமந்துகொண்டு ஓடுகிறார்கள். ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகக் கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும்.

ஓய்வூதியர் 61

வயதைப் பற்றி யாரும் பேசவில்லையே. எனக்கு 61. இனித் தொடங்கிப் பயன் உண்டா?

சிற்றாறு

பயிற்சி இல்லாதவர்களுக்கு முப்பதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு குறைகிறது. உச்சத் துடிப்பு எண்ணிக்கை வயதோடு இறங்குவது அதற்கு ஒரு பெரிய காரணம். ஆனால் வயதின் கணக்கில் நாம் எழுதுவதில் பெரும்பகுதி உண்மையில் உட்கார்ந்திருப்பதன் கணக்கு. 1966-இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் 20 வயதுள்ள ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். அவர்களுடைய விஓ2 மேக்ஸ் கால் பங்குக்கும் மேல் சரிந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் தேடிப்பிடித்து அளந்தபோது, முப்பது ஆண்டு முதுமை செய்த சேதம் அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதத்தைவிடக் குறைவாக இருந்தது. பிறகு ஆறு மாதம் மிதமான பயிற்சி கொடுத்தபோது, ஐம்பது வயதில் அவர்கள் தங்கள் இருபது வயதின் தொடக்க அளவுக்கே திரும்பினார்கள். இதயத்தின் உச்ச இறைப்பு கூடி அது நேரவில்லை, ரத்தத்திலிருந்து தசைகள் கூடுதலாக ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கக் கற்றுக்கொண்டதால் நேர்ந்தது. இதயத்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு, நடையிலிருந்து தொடங்குங்கள் ஐயா.

முல்லைக்கொடி (ஒன்பது நாட்களுக்குப் பிறகு)

பரிசோதனை முடிவு வந்துவிட்டது. ஹீமோகுளோபின் 9.8, உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அதைவிட மோசம். மாதவிடாயின்போது எனக்குப் போக்கு அதிகம், அதை நான் நோய் என்று ஒருபோதும் எண்ணியதில்லை. என் அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்தது. மருத்துவர் அதற்கான சிகிச்சையையும் இரும்புச் சத்து மாத்திரையையும் தொடங்கியிருக்கிறார். சாப்பிட்டவுடன் தேநீர் குடிக்கும் பழக்கத்தை நிறுத்தச் சொன்னார், அதுதான் மாத்திரையைவிடக் கசக்கிறது. ஓட்டத்தை நடையாகக் குறைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். கணவருடைய ஹீமோகுளோபினையும் வம்புக்காகப் பார்த்தோம், 15.1.

பழைய விசில்

அப்படியானால் ஐந்து மாதமாக நீங்கள் இருவரும் ஒரே பயிற்சியைச் செய்யவே இல்லை. அவர் நிறைகுடத்தோடு ஓடினார், நீங்கள் முக்கால் குடத்துக்கும் குறைவாக வைத்துக்கொண்டு அவருக்கு ஈடுகொடுத்தீர்கள். அந்த நிலையில் 40 மீட்டர் கூடியிருக்கிறதே, அதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

முல்லைக்கொடி (நான்கு மாதங்களுக்குப் பிறகு)

ஹீமோகுளோபின் இப்போது 12.4. கடைசி எட்டு வாரங்கள் பழைய அட்டவணைப்படி ஓடினேன். நேற்று அதே மைதானத்தில் 12 நிமிடத்தில் 1,900 மீட்டர். 12 நிமிடத் தூரத்திலிருந்து விஓ2 மேக்ஸைக் கணிக்கும் கூப்பர் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் 26.5 ஆக இருந்தது 31.2 ஆகியிருக்கிறது.

கணக்குப்பிள்ளை

மகிழ்ச்சி. ஆனாலும் இரண்டு குறிப்புகளைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. முதலாவது, கென்னத் கூப்பர் 1968-இல் அந்தச் சூத்திரத்தை அமெரிக்க விமானப்படையின் 115 ஆண்களை வைத்து உருவாக்கினார். பெண்களுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதில் எச்சரிக்கை தேவை. ஆகவே தூரத்தை மட்டும் ஒப்பிடுங்கள், தசமப் புள்ளிகளை விட்டுவிடுங்கள். இரண்டாவது, சென்ற சோதனை ஆனி வெயிலில் நடந்தது, இது ஐப்பசிக் குளிரில் நடந்தது. வெயிலில் உடலைக் குளிர்விக்க ரத்தத்தின் ஒரு பகுதி தோலுக்குப் போய்விடும், தசைக்குக் கிடைப்பது குறையும். 210 மீட்டரில் எவ்வளவு இரும்புக்கு உரியது, எவ்வளவு பருவத்துக்கு உரியது?

முல்லைக்கொடி

நியாயமான கேள்விதான். அதற்கான விடை வீட்டிலேயே இருக்கிறது. இரண்டு முறையும் அதே காலையில், அதே மைதானத்தில், என்னோடு கணவரும் ஓடினார். இடையில் அவருக்கு மாத்திரையும் இல்லை, சிகிச்சையும் இல்லை. நான் நடந்த மாதங்களிலும் அவர் ஓட்டத்தை விடவில்லை. ஆனியில் 2,350, நேற்று 2,390. அந்த 40 மீட்டரைப் பருவத்துக்கும் அவருடைய பயிற்சிக்கும் உங்கள் விருப்பப்படி பங்கு பிரித்துக் கொடுத்துவிடுங்கள். மீதியை நான் எடுத்துக்கொள்கிறேன்.